வறண்ட காட்டில் பாசி: கேள்வி பதில்

கேள்வி: முதுமலையில் கார்குடிப் பக்கம் மரங்களில் பாசி (moss) தெரிகிறது. மசினகுடிப் பக்கம் அரிது. மழை குறைவு என்பதாலா?

பதில்: அது பாதிக் காரணம்தான். மசினகுடி இருக்கும் கிழக்கே ஆண்டு மழை சுமார் 600 மி.மீ. அளவுக்கு இறங்குகிறது, கார்குடிப் பக்கமாக மேற்கே போனால் 1,800ஐ நெருங்குகிறது. ஆனால் பாசிக்கு ஆண்டுக் கணக்கைவிட, ஒருமுறை நனைந்தால் எத்தனை மணி நேரம் ஈரம் நிற்கிறது என்பதே முக்கியம். அதற்கு உண்மையான வேர் கிடையாது. இலை பெரும்பாலும் ஒரே செல் கனம்; இலை வழியாகத்தான் நீரை உறிஞ்சுகிறது. காய்ந்தால் சுருண்டு கிடக்கும், நனைந்தால் சில நிமிடங்களில் விரியும். விரிந்ததும் முதலில் செல்களில் பழுது பார்க்க வேண்டும். அதற்குச் சேமித்து வைத்த உணவு கரையும். ஒளியில் புது உணவு செய்து அந்தச் செலவை ஈடுகட்டுமுன் மறுபடி காய்ந்தால் நட்டம்தான்.

அமெரிக்காவின் யூட்டா வறள்நிலத்தில் கோடையில் அடிக்கடி 1.2 மி.மீ. அளவு நீர் தெளித்துப் பார்த்தார்கள். தரையில் சுமார் 25 விழுக்காடு பரவியிருந்த பாசி, ஒரே பருவத்தில் 2 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. 2012இல் வந்த ஆய்வு இது. சிறு தூறல் பாசிக்கு நல்லது என்று யாரும் எண்ண வேண்டாம்! வானம் மூடாக்கு போட்டு நாலு நாள் நசநசவென்று பெய்யும் மழைதான் அதற்கு வாழ்வு.

கேள்வி: பிரியாணிக்குப் போடும் கல்பாசி இதுதானா?

பதில்: இல்லை. அது லைக்கன். பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழ்வது.

கேள்வி: மாமரத்தில் பாசி படர்ந்திருக்கிறது. மரம் பட்டுப்போகுமா?

பதில்: போகாது. பாசி ஒட்டுண்ணி அல்ல. சுரண்டாதீர்கள், பட்டைதான் காயப்படும்.

கேள்வி: பாசி மரத்தின் வடக்குப் பக்கம்தானே வளரும்?

பதில்: அது ஐரோப்பா மாதிரி ஊர்களில் ஓரளவு பொருந்தும்; அங்கே நண்பகல் வெயில் தெற்கிலிருந்து விழும், வடக்குப் பக்கம் நிழல். முதுமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் பதினொன்றரைப் பாகையில்தான் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை அங்கே நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் விழுகிறது.

அதே நண்பர்: நான் கண்ணால் பார்த்தது வடக்கில்தான்.

இன்னொருவர்: எங்கள் தோப்பில் மேற்கே.

பதில்: இருவர் பார்த்ததும் சரியாக இருக்கலாம். மேற்கே இருந்தால் தென்மேற்குச் சாரல் அடிக்கும் பக்கமா என்று பாருங்கள். வடக்கே இருந்தால் அந்தப் பக்கம் பாறையோ அடர்ந்த மரமோ நிழல் தருகிறதா? தண்டு சாய்ந்திருக்கிறதா? சாய்ந்த மரத்தில் மழையை ஏந்தும் மேல்முதுகில்தான் பெரும்பாலும் பாசி பிடிக்கும். பட்டை உரியும் மரத்தில் பாசி நிலைக்காது. பிளவுள்ள பட்டையில் ஈரம் தங்கும். தயவுசெய்து பாசியைப் பார்த்துத் திசை தேடிக் காட்டுக்குள் நடக்காதீர்கள்.

கேள்வி: தென்னையில் பாசி. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மாமரத்துக்குச் சொன்னதேதான். மருந்து வேண்டாம்.

கேள்வி: கோடையில் பாறைப் பாசி கருகிவிட்டது. பெயர்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம். காய்ந்து சுருண்டு மட்டும் கிடக்கலாம். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள்.