அப்பாவின் மருந்துக் கடையும் போட்டிச் சட்டமும்

கேள்வி: இரண்டு வருடமாக சிவில் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நான். அப்பா மருந்து மொத்த வியாபாரி. ஒரு கம்பெனியின் மருந்தை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு விற்கும் ஸ்டாக்கிஸ்ட் ஆகக் கேட்டபோது, ‘மருந்து வணிகர் சங்கத்தில் என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வாங்கி வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து, வியாபாரத்தில் போட்டியை முடக்குவதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்தில் எனக்கு ஆர்வம். சீனியரோ, அது டெல்லியில் பெரிய கம்பெனிகளுக்கு வாதாடுபவர்களின் துறை என்கிறார். நான் இறங்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாக இறங்கலாம் அம்மா. சீனியர் சொல்வதில் பாதி உண்மை. இந்தச் சட்டப்படி விசாரிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் டெல்லியில்தான் இருக்கிறது. கம்பெனிகள் இணைகிற வேலையெல்லாம் பெரிய சட்ட நிறுவனங்களிடம்தான் போகிறது. ஆனால் பல வழக்குகள் பிறப்பது உங்கள் அப்பா கடை மாதிரி இடங்களில்.

யாரை ஸ்டாக்கிஸ்ட் ஆக்குவது என்பது கம்பெனியின் முடிவு. அதில் சங்கம் குறுக்கே நின்றால், போட்டியாளர்கள் கூடிச் சரக்கு வரத்தைக் கட்டுப்படுத்துவதாகிறது. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தடுப்பது இதைத்தான். இந்த என்ஓசி வழக்கத்துக்காக அகில இந்திய மருந்து வணிகர் சங்கத்துக்கே 2013இல் ஆணையம் அபராதம் போட்டது.

இன்னொன்று, டெல்லியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் சிரிஞ்ச் வழக்கு. உள்ளே இருந்த மருந்தகத்தில் 19 ரூபாய் 50 காசுக்கு வாங்கிய சிரிஞ்ச், வெளிக் கடையில் ஏறத்தாழ பாதி விலை. வாங்கியவர் 2015இல் ஆணையத்துக்குப் போனார். வெளியே அத்தனை கடை இருக்கிறதே என்று தோன்றலாம். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, கட்டிலில் கிடப்பவர் எந்தக் கடையில் போய் விலை விசாரிப்பார்? அவருக்கு அந்த மருந்தகம்தான் சந்தையே. இந்தத் துறையில் வாதத்தின் பெரும்பகுதி, எது சந்தை என்பதைப் பற்றித்தான். 2018இல் மற்ற சூப்பர் ஸ்பெஷாலிட்டி மருத்துவமனைகளையும் விசாரிக்கச் சொன்னது ஆணையம். எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இது.

இன்று மருந்து, நாளை சிமென்ட். சிமென்ட் கம்பெனிகள் கூடி விலையை ஏற்றியதாக 2012இல் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த வழக்கில், ஆலைகளின் உற்பத்திக் கணக்கையும் மாதாமாத விலையையும்தான் அலசினார்கள். அதனால் பேலன்ஸ் ஷீட் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆணையத்தின் ஆணைகள் அதன் இணையதளத்திலேயே இருக்கின்றன. வாரம் ஒன்று படியுங்கள். 2021 முதல் சென்னையிலும் மண்டல அலுவலகம் இருக்கிறது.

அப்புறம் அப்பா விஷயம். வாயால் சொன்ன மறுப்பை மட்டும் வைத்து நிரூபிப்பது கஷ்டம். ஸ்டாக்கிஸ்ட் விண்ணப்பத்தை மீண்டும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். என்ஓசி கேட்டுப் பதில் வந்தால் அதுவே ஆதாரம். வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம். சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பெயரை ரகசியமாக வைக்கும்படியும் கேட்கலாம். முதல் மனுவை மட்டும், இந்தச் சட்டத்தில் பழகிய ஒருவரோடு சேர்ந்து தயாரியுங்கள்.