நட்சத்திரம் ஏன் இரண்டாகத் தெரிகிறது?

கேள்வி: சிலியில் ஒரு தொலைநோக்கியில் பொருத்திய டார்க் எனர்ஜி கேமரா எடுத்த 30 ரா (திருத்தாத மூல) படங்களை இறக்கி ஒன்றாகச் சேர்த்தேன். நட்சத்திரங்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் சரிசெய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தத் தரவை எடுத்தவருக்கே பெரும்பாலும் 18 மாதம்தான் உரிமை. அப்புறம் அது ஊருக்கே இலவசம். நட்சத்திர இடம் திருத்திய ஃபைலும் அதே காப்பகத்தில் சும்மா கிடக்கிறது. காசு கேட்பவர் அதைத்தான் இறக்கித் தருவார், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது செய்வார். ஒரு மாணவர் இப்படிக் காசு கொடுத்து வாங்கிய படத்தைக் காட்டினார். மென்பொருள் நட்சத்திரங்களை மெழுகி வைத்திருந்தது. பார்க்க ஜோர், அளக்க உதவாது.

உங்கள் கோளாறு எளியது. ரா ஃபைலில் இருப்பது தொலைநோக்கி தோராயமாக நோக்கிய திசைதான். ஒரு பிக்சல் வானில் 0.26 விகலை (ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு கலை, கலையில் 60-ல் ஒரு பங்கு விகலை), சில விகலை பிசகினாலே நட்சத்திரம் பல பிக்சல் தள்ளி விழும். ஓரங்களில் லென்ஸ் வேறு இழுத்திருக்கும். கேமராவின் 62 சென்சார் சிப்பையும் தனித்தனியே, கையா விண்கலம் அளந்த நட்சத்திரப் பட்டியலோடு பொருத்த வேண்டும். அதை அந்தக் காப்பகத்தை நடத்தும் அமெரிக்க வானியல் மையமான நொயர்லேப் ஏற்கெனவே செய்துவிட்டது. பெயரில் 'ஓஓஐ' (ooi) என்று வரும் ஃபைலை எடுங்கள். கூடவே 'ஓஓடி'யையும் (ood) 'ஓஓடபிள்யூ'வையும் (oow) எடுக்க மறக்காதீர்கள். கெட்ட பிக்சல் எது, எதை எவ்வளவு நம்பலாம் என்பது அவற்றில்தான் இருக்கிறது. பெயர் வைத்த மகானுபாவர் யாரோ! இதைத் தேடியே பாதிப் பேருக்கு ஒரு வாரம் போகிறது.

ஸ்வார்ப் என்ற இலவச மென்பொருளில், ஒரே நிற ஃபில்டரில் எடுத்த படங்களை மீடியன் (நடு மதிப்பு) முறையில் சேருங்கள். செயற்கைக்கோள் கோடுகள் மறையும்.

ஒரு விதிவிலக்கு. சென்டாரஸ் ஏ மாதிரிப் பெரிய காலக்ஸி என்றால் ஸ்வார்ப் ஏமாற்றும். பின்புல ஒளியை அது 128 பிக்சல் கட்டம் கட்டமாக அளந்து கழிக்கும். அதாவது சுமார் 34 விகலை. காலக்ஸியோ 20 கலைக்கு மேல். அதன் மங்கலான வெளிப்பகுதியை வானம் என்றெண்ணி விழுங்கிவிடும், சுற்றிலும் கருவளையம் விழும். 'அங்கே ஒன்றுமில்லை' என்று நீங்களும் எழுதிவிடுவீர்கள். அந்தக் கழித்தலை நிறுத்துங்கள். நிறுத்தினால் நிலா வெளிச்சம் படத்துக்குப் படம் மாறி ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். ஆகவே காலக்ஸிக்கு எட்டாத ஒரு மூலையில் வானத்தை அளந்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒரே ஓர் எண்ணை மட்டும் நீங்களே கழித்துவிட்டு, பிறகு சேருங்கள்.