கற்பூரவள்ளி இலை உண்மையிலேயே கிருமிகளைக் கொல்லுமா? அதில் என்னதான் இருக்கிறது?

கொல்லும். ஆனால் எந்த இடத்தில், எவ்வளவு இருந்தால் கொல்லும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் பதில் முழுமையாகும். கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். ப்ராஜெக்ட் செய்ய வரும் மாணவர்களில் யாராவது ஒருவர் கற்பூரவள்ளியை எடுக்காமல் ஒரு வருடமும் போவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இலையைக் கசக்கினால் ஓம வாசனை அடிக்கும். ஓமத்துக்கு அந்த வாசனையைத் தரும் தைமால் என்ற வேதிப்பொருள்தான் இதிலும் இருக்கிறது, கூடவே கார்வக்ரால் என்ற இன்னொன்று. இரண்டிலும் பத்து கார்பன், பதினான்கு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். கார்பன் வளையத்தில் ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது) எங்கே ஒட்டியிருக்கிறது என்பதில் மட்டும்தான் வேறுபாடு. செடி முதலில் காமா-டெர்பினீனை உண்டாக்கி அதிலிருந்து இவற்றைச் செய்துகொள்கிறது. அதனால் இலையின் வாசனை எண்ணெயைப் பிரித்துப் பார்த்தால் டெர்பினீன், பாரா-சைமீன், கேரியோஃபிலீன் எல்லாம் கலந்தே கிடக்கும். ஒரு ஊர்ச் செடியில் கார்வக்ரால் மேலோங்கும், இன்னொரு ஊர்ச் செடியில் தைமால். எண்ணெயில் சேராமல் ரோஸ்மரினிக் அமிலம், காஃபிக் அமிலம், சில ஃபிளேவனாய்டுகளும் இலையில் உண்டு. ஆனால் கிருமியைக் கொல்லும் வேலையில் பெரும்பங்கு தைமால், கார்வக்ரால் என்ற அந்த இரண்டு ஃபீனால் வகைப் பொருள்களுக்குத்தான்.

பாக்டீரியாவைச் சுற்றி இருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. கார்வக்ரால் கொழுப்பில் எளிதாகக் கரைவதால் சவ்வுக்குள் நுழைந்து அதைத் தளர்த்திவிடுகிறது. உள்ளேயிருந்து பொட்டாசியம் கசிகிறது, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி வெளியேறுகிறது, அமிலச் சமநிலை குலைகிறது. இதற்கு அந்த ஹைட்ராக்சில் தொகுதி அவசியம். அது இல்லாத சைமீன், சவ்வை வீங்க வைத்தாலும் தனியாகப் பெரிதாக எதையும் கொல்வதில்லை. கார்வக்ரால் உள்ளே போக அது வழிசெய்து கொடுக்கிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஈ.கோலை ஆகிய பாக்டீரியாக்களும் கேண்டிடா பூஞ்சையும் கார்வக்ராலுக்கு அடங்கும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா எளிதில் அடங்காது. அதன் வெளிச்சவ்வு எதையும் எளிதில் உள்ளே விடாது, உள்ளே வந்த வேதிப்பொருளை வெளியே தள்ளும் பம்புகளும் உண்டு.

இனி ஆய்வகத்துக்கு வருவோம். கிருமியைப் பரப்பிய அகார் கூழ்த் தட்டில், எத்தனாலில் (ஆல்கஹாலில்) எடுத்த இலைச் சாறு விட்ட குழியைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் விழும். தண்ணீர்ச் சாறு விட்ட குழியைச் சுற்றிப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. தைமாலும் கார்வக்ராலும் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதே காரணம். எத்தனாலை மட்டும் விட்ட குழி ஒன்று அதே தட்டில் இருந்தாக வேண்டும். அது இல்லாமல் கொண்டுவரும் படத்தை நான் முடிவாக ஏற்பதில்லை, ஏனென்றால் எத்தனாலே கிருமியைக் கொல்லும். வட்டம் பெரிதாக விழுந்த சாறுதான் வீரியமானது என்றும் சொல்ல முடியாது. அகாரில் நன்றாகப் பரவும் பொருளுக்கு வட்டம் பெரிதாகும், பரவாத எண்ணெய்க்குச் சிறிதாகும். வளர்ச்சியைத் தடுக்கும் மிகக்குறைந்த செறிவைத் தனியாக அளக்க வேண்டும். கார்வக்ராலுக்கு அது பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்குச் சில நூறு மைக்ரோகிராம்.

இந்தச் செறிவை வைத்துக்கொண்டு வீட்டுக் கஷாயத்தைக் கணக்கிடுங்கள். பச்சை இலையின் எடையில் எண்ணெய் 0.1 சதவீதம் என்று வைத்தால், 10 கிராம் இலையில் 10 மில்லிகிராம். கொதிக்கும்போது ஆவியோடு போவதை விட்டுவிடுவோம், அத்தனையும் உடம்பில் சேர்ந்ததாகவே கொள்வோம். பெரியவர் உடம்பில் இருக்கும் சுமார் 40 லிட்டர் நீரில் அது பரவினால், மில்லிலிட்டருக்கு 0.25 மைக்ரோகிராம்தான். தேவையில் ஆயிரத்தில் ஒரு பங்கு! அதையும் கல்லீரல் சல்பேட்டோடும் குளுகுரோனைடோடும் சேர்த்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஆகவே நுரையீரலில் இருக்கும் கிருமியைக் கஷாயம் கொல்கிறது என்று என்னால் சொல்ல முடியாது.

அப்படியானால் சளிக்குக் குடித்தால் இதமாக இருப்பது பொய்யா? இல்லை. கார்வக்ரால் நரம்பு முனைகளில் வெதுவெதுப்பை உணரும் ஏற்பியைத் தூண்டுகிறது. சூடான நீர் வேறு தொண்டைக்கு நல்லது. சாதாரணச் சளி தானாகவே ஆறும் நோய், அதுவரை இந்த இதம் கிடைப்பது பெரிய விஷயம். என் வீட்டிலும் தொட்டியில் கற்பூரவள்ளி இருக்கிறது, கஷாயம் வைக்கிறோம், பஜ்ஜியும் போடுகிறோம்.

எனக்கு இந்த மூலிகையில் மிகவும் பிடித்த செய்தி தைவானிலிருந்து வந்தது. கற்பூரவள்ளிச் சாற்றின் ஒரு பகுதியையும் வல்லாரைச் சாற்றையும் சேர்த்து, சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு ஒரு களிம்பு செய்தார்கள். 236 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2021இல் வெளியானது: 16 வாரத்தில் களிம்பு பூசியவர்களில் 60.7 சதவீதம் பேருக்குப் புண் முழுதும் ஆறியது, வழக்கமான உறிஞ்சு கட்டு போட்டவர்களில் 35.1 சதவீதம். அந்தக் களிம்பு வேலை செய்வது கிருமியைக் கொன்று அல்ல. புண்ணில் அழற்சியை நீட்டிக்கும் மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்களைப் புண்ணை ஆற்றும் பக்கம் திருப்பி. இதை வைத்துப் பச்சிலையை அரைத்துப் புண்ணில் கட்டிவிடாதீர்கள். மண்ணிலுள்ள கிருமி இலையோடு வரும், சர்க்கரை நோயாளியின் காலில் அது விபரீதமாகும்.

குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சுக்கூடு உள்ளிழுத்தாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ கஷாயத்தை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். கடையில் புட்டியில் விற்கும் செறிவான எண்ணெயைக் கைக்குழந்தையின் மூக்கருகே தடவவே கூடாது. ஒரு இலையில் இருப்பதைப் போலப் பல மடங்கு ஃபீனால் அதில் ஒரு சொட்டிலேயே இருக்கும், மென்தோலையும் மூச்சுப்பாதையையும் எரிக்கும்.