பைட்டேஸ் போட்டதால் முட்டை ஓடு மெலியுமா?

கேள்வி: மோகனூர் அருகே 12,000 முட்டைக்கோழிகள் வைத்திருக்கிறேன், வயது 62 வாரம். தீவனத்தை எங்கள் அரவையிலேயே அரைத்துக்கொள்கிறோம். தீவன மருந்து விற்பவர் சொன்னபடி டன்னுக்கு 60 கிராம் பைட்டேஸ் நொதியைச் சேர்த்து, 8 கிலோ டி.சி.பி.யை (பாஸ்பரஸும் சுண்ணாம்புச் சத்தும் தரும் டைகால்சியம் பாஸ்பேட்) முழுதாக எடுத்துவிட்டு, அந்த எடைக்கு எண்ணெய் எடுத்த தவிடு போட்டோம். மூன்று வாரத்தில் ஓடு மெலிந்து, கூண்டிலேயே விரிசல் விடும் முட்டை கூடிவிட்டது. இந்த நொதி மரபணு மாற்றிய பூஞ்சையிலிருந்து வருவது, அது முட்டைக்குள்ளும் இறங்கும் என்று என் மச்சான் பயமுறுத்துகிறார். சர்க்கரை நோயாளியான என் அம்மா தினமும் இந்த முட்டையைத்தான் சாப்பிடுகிறார். நொதியை நிறுத்திவிடலாமா? கிரிட் (சுண்ணாம்புக்கல் சில்லு) லோடு வராததால் இரண்டு மாதமாகச் சுண்ணாம்புக்கல் தூள் மட்டும் போடுகிறோம். மற்றபடி தீவனத்தில் எந்த மாற்றமும் இல்லை.

பதில்: நொதியை நிறுத்த வேண்டாம். தானியத்திலும் தவிட்டிலும் பைட்டேட் என்ற பொருளாகக் கட்டுண்டு கிடக்கும் பாஸ்பரஸைக் கோழிக்கு விடுவித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. உங்கள் மச்சான் சொன்னதில் முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி தவறு. பைட்டேஸை உண்டாக்கும் மரபணுவை ஒரு நுண்ணுயிரிலிருந்து வெட்டியெடுத்து, வேகமாக வளரக்கூடிய பூஞ்சையிலோ ஈஸ்ட்டிலோ ஒட்டி, பெரிய எஃகுத் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். அது வெளியே கசியவிடும் நொதியை மட்டும் வடிகட்டிப் பிரித்து உலர்த்தி விற்கிறார்கள். 1991-இல் நெதர்லாந்தில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த பைட்டேஸும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் மரபணுவை வைத்து இவ்வாறு செய்யப்பட்டதுதான். நொதி என்பது ஒரு புரதம். இரைப்பையில் தன் வேலையை முடித்தபின், சோயாப் புரதம் எப்படிச் செரிக்கிறதோ அப்படியே இதுவும் செரித்துப்போகும். முட்டைக்குள் இறங்க அதற்கு வழியில்லை.

உங்கள் தாயார் இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால், வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கும் அந்தக் குப்பியும் இதே முறையில் வந்ததாகவே இருக்கும். முன்பு பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்த இன்சுலினை, மனித மரபணுவை ஈ-கோலை பாக்டீரியாவில் பொருத்தித் தயாரிக்கத் தொடங்கி, 1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றார்கள். குழந்தைகளுக்குப் போடும் மஞ்சள்காமாலை பி தடுப்பூசி ஈஸ்ட்டில் உருவாவது. திருப்பூரில் பனியன் துணியின் பிசிறை நீக்கப் பயோ வாஷ் செய்கிறார்களே, அந்தத் தொட்டியில் ஊற்றும் செல்லுலேஸிலும் பெரும்பகுதி இந்த வழியில் வந்ததுதான். ஆகவே மரபணுவைப் பற்றிய பேச்சை இத்துடன் விட்டுவிட்டு, உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்கு வருகிறேன். தூள் மட்டும் போடுகிறோம் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே வேறு மாற்றம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அந்தத் தூளைப் பற்றியது.

ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) இருக்கிறது. அந்த ஓடு கருப்பையில் சுமார் 20 மணி நேரத்தில் படிகிறது. அதில் பெரும்பகுதி, கோழி தீவனம் எடுக்காத இரவு நேரத்தில் நடக்கிறது. 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள கிரிட் அரைப்பையில் தங்கி இரவு முழுவதும் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். தூளோ விளக்கணைக்கும் முன்பே கரைந்து கடந்துபோய்விடும். அதன்பின் கோழி தன் எலும்பைக் கரைத்துத்தான் ஓடு செய்தாக வேண்டும். கரைந்த எலும்பை மறுநாள் கட்ட அதற்குப் பாஸ்பரஸ் வேண்டும்; அதையும் நீங்கள் அதே காலத்தில் குறைத்துவிட்டீர்கள். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு: வேகமாகக் கரையும் சுண்ணாம்பு இரைப்பையின் அமிலத்தை முறித்து, தவிட்டிலுள்ள பைட்டேட்டுடன் சேர்ந்து கரையாத பொருளாகிவிடும். நொதி வேலை செய்ய அமிலமும் கரைந்த பைட்டேட்டும் வேண்டும். காசு கொடுத்து வாங்கிய நொதியை உங்கள் தூளே முடக்கிப்போட்டிருக்கிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் வினிகர் ஊற்றி, ஒன்றில் ஒரு சிட்டிகைத் தூளையும் மற்றதில் அதே எடைக்குக் கிரிட்டையும் போடுங்கள். தூள் சோடா போலப் பொங்கி அடங்கிவிடும். கிரிட்டின் மேல் ஊசிமுனைக் குமிழ்கள் வெகுநேரம் வந்துகொண்டிருக்கும். மாலையில் தீவனத் தொட்டியின் கடைசிக் கூண்டுவரை நடந்து விரலால் அடியைத் தடவினால், கோழிகள் ஒதுக்கிய வெள்ளை மாவு விரலில் அப்பிக்கொள்ளும். நீங்கள் கணக்கில் எழுதும் சுண்ணாம்பில் ஒரு பங்கு அங்கேதான் கிடக்கிறது. 50 வாரத்தைத் தாண்டிய கோழிக்குச் சுண்ணாம்பில் மூன்றில் இரண்டு பங்கு கிரிட்டாக இருக்க வேண்டும் என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. லோடு வரவில்லை என்றால் கரூர் வரை போயாவது ஏற்றி வாருங்கள்.

இனி அந்த விற்பனையாளரின் கணக்கு. நொதியின் வீரியம் கிராமுக்கு 5,000 அலகு என்று பையில் அச்சிட்டிருந்தால், டன்னுக்கு 60 கிராம் என்பது ஒரு கிலோ தீவனத்துக்கு 300 அலகு ஆகும். அந்த அளவு விடுவிக்கும் பாஸ்பரஸ் டன்னுக்கு ஏறத்தாழ 1 கிலோ. 18 சதவீதப் பாஸ்பரஸ் உள்ள டி.சி.பி.யில் அது ஐந்தரைக் கிலோவுக்குச் சமம். அவர் எட்டுக் கிலோவையும் எடுக்கச் சொன்னது நொதியை விற்பதற்காக. உங்கள் கோழியை அவர் பார்த்திருக்கவே மாட்டார். டி.சி.பி.யோடு அதிலிருந்த சுண்ணாம்புச் சத்தும் டன்னுக்கு 1.8 கிலோ அளவுக்குப் போய்விட்டது என்பதை இவர்கள் யாரும் சொல்வதில்லை. நொதியால் கொஞ்சம் சுண்ணாம்பும் விடுபடும் என்று சீட்டில் எழுதிக்காட்டுவார்கள். அது வெளிநாட்டுச் சோளத்துக்கும் சோயாவுக்கும் போட்ட கணக்கு. எந்த விற்பனையாளரின் சீட்டையும் நம்பித் தீவனக் கணக்கைத் திருத்தாதீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் உங்கள் தீவனத்தைக் கொடுத்து, சுண்ணாம்பு, பாஸ்பரஸ், மணல் மூன்றையும் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

இன்றைய அரவையிலேயே டி.சி.பி.யை 3 கிலோ திரும்பச் சேர்த்து, அந்த எடைக்குத் தவிட்டைக் குறையுங்கள். விட்டுப்போன மீதிச் சுண்ணாம்புச் சத்துக்காக டன்னுக்கு மூன்று கிலோ கிரிட் கூடுதலாகப் போடுங்கள். அதற்கும் தவிட்டையே குறைத்துக்கொள்ளுங்கள். அறுபது கிராம் நொதியை ஒரு டன்னில் நேராகக் கொட்டினால் ஒரு மூலைக் கோழிகளுக்கு எல்லாமும் மற்றவற்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். ஐந்து கிலோ சோள மாவில் முதலில் கலந்து, பிறகு கலவை இயந்திரத்தில் விடுங்கள். நொதிப் பையைத் தகரக் கூரைக்கு அடியில் அரவை அறையில் வைக்காதீர்கள். வெயிலில் அதன் வீரியம் போய்விடும்.

62 வாரக் கோழியின் ஓடு 30 வாரத்தில் இருந்ததுபோல் ஆகாது. முட்டை பெருத்துவிட்டது, ஓட்டின் எடை அதே அளவில் நிற்கிறது. விரிசல் முட்டையைக் காலை, மாலை தனித்தனியாக எண்ணிப் பதிவேட்டில் எழுதி, இருபது நாள் கழித்து அந்த எண்ணிக்கையோடு எழுதுங்கள்.