இ.எம்.ஐ. 41,655, வீட்டுக்கு மாதம் எவ்வளவு?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் 950 சதுர அடி, 12 வருடப் பழைய ஃபிளாட் 60 லட்சத்துக்கு வருகிறது. 48 லட்சம் கடன், 20 வருடம், 8.5% வட்டி. இப்போது வாடகை 18,000. சம்பளம் கைக்கு 85,000. இ.எம்.ஐ. கட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. வாங்கலாமா?

பதில்: தவணை 41,655 ரூபாய். உங்கள் கணக்கு அதோடு நின்றுவிட்டது.

முதலில் பராமரிப்புக் கட்டணம். சதுர அடிக்கு 3.50 என்றால் மாதம் 3,325. வாட்ச்மேன், லிஃப்ட், மோட்டார், பொது மின்சாரம் எல்லாம் இதில் அடக்கம். கோடையில் போர் வற்றினால் லாரித் தண்ணீருக்குத் தனியாக வசூலிப்பார்கள். கட்டணம் மிகக் குறைவாக இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். அந்தக் குடியிருப்போர் சங்கத்தில் சேமிப்பு இருக்காது, லிஃப்ட் பழுதானால் மொத்தமாகக் கேட்பார்கள். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வருட வரவு செலவையும் கார்ப்பஸ் நிதி (பெரிய செலவுகளுக்காகச் சங்கம் சேர்த்துவைக்கும் பணம்) இருப்பையும் கேட்டு வாங்குங்கள். 24 வீட்டுக் கட்டடத்துக்கு வெளிப்பெயின்ட் 12 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். உங்கள் பங்கு 50,000. ஆறு வருடத்துக்கு ஒருமுறை என்றால் மாதம் 700.

சொத்து வரி, மெட்ரோ வாட்டர் வரி இரண்டும் அரையாண்டுக்கு ஒருமுறை வருபவை. சேர்த்து வருடம் 9,000 என்றால் மாதம் 750. பழைய ரசீதைப் பார்த்து உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், விற்பவர் வைத்த பாக்கி இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் வரும் ரிப்பேருக்குக் கட்டட மதிப்பில் வருடம் 1% ஒதுக்க வேண்டும். மொத்த விலையில் அல்ல. மனைக்கு ரிப்பேர் கிடையாது. சதுர அடிக்கு 2,300 வீதம் கட்டடம் சுமார் 22 லட்சம், ஆக மாதம் 1,800. இந்த வயது வீட்டில் முதலில் தொல்லை தருவது குளியலறை. டைல்ஸ் இடுக்குப் பூச்சு உதிர்ந்து, அடியில் நிரப்பிய செங்கல் ஜல்லியில் நீர் தேங்கி, கீழ்வீட்டுச் சீலிங்கில் ஈரம் இறங்கும். மேலோடு ஒயிட் சிமென்ட் பூசினால் அடுத்த மழைவரைகூட நிற்காது. டைல்ஸைப் பெயர்த்து, ஜல்லியை அள்ளி, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, நீர் தேக்கிச் சோதித்த பிறகே மீண்டும் பதிக்க வேண்டும். ஆகவே பார்க்கப் போகும்போது கீழ்வீட்டுச் சீலிங்கையும் பாருங்கள்.

எல்லாம் கூட்டினால் 48,230. சம்பளத்தில் 57%.

இது கையைவிட்டுப் போகும் பணம். உண்மையான செலவு வேறு. முதல் தவணையில் 34,000 வட்டி. அசலுக்குப் போவது 7,655 மட்டுமே. அந்த 7,655 உங்கள் சேமிப்பு, கழித்துவிடலாம். ஆனால் கைப்பணம் 12 லட்சம், பழைய வீடு என்பதால் முத்திரைத்தாள் 7%, பதிவு 2% சேர்ந்து 5.4 லட்சம், வக்கீல், வங்கிச் செலவுகள் என்று சுமார் 18 லட்சம் முடங்குகிறது. 6.5% டெபாசிட்டில் அது மாதம் 9,750 தந்திருக்கும். ஆக முதல் வருடத்தில் மாதச் செலவு சுமார் 50,300. ஐந்தே வருடத்தில் விற்பதாக இருந்தால், திரும்பி வராத பத்திரச் செலவுக்காக மாதம் இன்னும் 9,000 கூட்டுங்கள்.

வருமான வரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். புதிய முறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. பழைய முறையில் 2 லட்சம் வரை உண்டு. ஆனால் சொந்த வீட்டுக்குப் போனதும் வாடகைப்படிக்கு (எச்.ஆர்.ஏ.) கிடைத்த கழிவு போய்விடும்.

வட்டி 9.5% ஆனால் தவணை 44,742. தவணையை மாற்றாமல் விட்டால் 20 வருடக் கடன் ஏறக்குறைய 26 வருடமாக நீளும். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டச் சொல்லி வங்கியில் கேட்கலாம், கேளுங்கள்.

இந்தச் சம்பளத்துக்கு 48 லட்சம் அதிகம் என்பதே எங்கள் கருத்து. 35 லட்சத்துக்குள் நின்றால் தவணை 30,374. இல்லை, இந்த வீடுதான் வேண்டும் என்றால், வாடகை வீட்டில் இருந்தபடியே ஆறு மாதம், ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி 30,230 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவாருங்கள். 48,230-இல் உங்கள் வாடகை போக மீதி அது. ஒரு மாதமாவது அதிலிருந்து எடுக்க நேர்ந்தால், முன்பணம் கொடுக்க வேண்டாம்.