நீல ஜோடிக்குச் சிவப்புக் குஞ்சு

பெற்றோர் இரண்டும் இறக்கையில் கரும்பட்டைகள் உள்ள நீலப் புறாக்களாக இருக்க, குஞ்சு சிவப்பாகப் பிறந்ததால் பெட்டை வேறு ஆணுடன் சேர்ந்திருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். பெட்டையைச் சந்தேகிக்கும் முன், குஞ்சின் வாலை விரித்துப் பாருங்கள்.

வாலும் பறக்கும் இறகுகளும் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தால் அது சாம்பல் சிவப்பு. இந்த நிறத்தைத் தரும் மரபணு, பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களில் ஒன்றான இசட் குரோமோசோமில் உள்ளது. நீலத்தின் மீது ஓங்கு பண்பு உடையது, அதாவது ஒரு பிரதி இருந்தாலே வெளியில் தெரிந்துவிடும் என்பதால், நீலப் புறா அதை மறைத்து வைத்திருக்க முடியாது. அப்படியானால் தந்தை வேறுதான்.

மாறாக, வால் உட்பட உடல் முழுவதும் அடர்ந்த செங்கல் நிறம் ஓடியிருந்தால் அது ஒடுங்கு சிவப்பு. இது பாலின குரோமோசோமைச் சேராத வேறொரு மரபணு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி கிடைத்தால் மட்டுமே வெளிப்பட்டு, அடியில் உள்ள நீலத்தை மூடிவிடும். இருவரும் அதைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு குஞ்சுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஓர் ஈட்டுக்கு இரண்டே முட்டை என்பதால், பல ஈடுகள் வரை சிவப்பு தலைகாட்டாமல் இருப்பதும் இயல்பே.

இடுப்பில் நீலச் சாயல் தெரிந்தால் குழம்ப வேண்டாம்; ஒடுங்கு சிவப்புக் குஞ்சுகளின் முதல் இறகுகளில் அது வருவதுண்டு. இறகு உதிர்ந்து முளைத்தபின் மீண்டும் பாருங்கள்.