வெளிநாட்டில் இருந்தபடி ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ்: நீங்கள் கேட்டவை

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு ஆங்கிலம் கற்றுத்தரும் வேலை, அதற்கான சான்றிதழ் படிப்புகள் பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். இந்தப் படிப்புகளில் பயிற்றுநராக இருப்பவள் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சம்பளம் எவ்வளவு வரும் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். அது நாட்டுக்கு நாடு, பள்ளிக்குப் பள்ளி மாறும்.

மேடம், டெஃபல், டெசால், செல்டா, டிரினிட்டின்னு படிச்சுப் படிச்சுத் தலை சுத்துது. இதுல எது நல்லது?

டெஃபல், டெசால் இரண்டும் துறையைக் குறிக்கும் பொதுப்பெயர்கள். அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கலாம், தடுக்க ஆளில்லை. செல்டா என்பது கேம்பிரிட்ஜ் வழங்குவது. செர்ட்டெசால் என்பது டிரினிட்டி காலேஜ் லண்டன் வழங்குவது. இவை இரண்டும் இங்கிலாந்தின் தகுதி வரிசையில் 5ஆம் நிலையில் பதிவானவை. உலகத்தின் எந்த மூலையில் படித்தாலும் பாடத்திட்டமும் மதிப்பீடும் மாறாது.

இந்த இரண்டுக்கும் உள்ள மதிப்புக்கு முக்கியக் காரணம் ஒன்றுதான். ஆறு மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும். ஒவ்வொரு வகுப்பையும் பயிற்றுநர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டே பார்ப்பார். அந்தப் பயிற்றுநர் சரியாக மதிப்பிடுகிறாரா என்று பார்க்க வெளியிலிருந்தும் ஒருவர் வருவார். டிரினிட்டியில் இன்னொரு சுவாரசியம் உண்டு: உங்களுக்கு அறவே தெரியாத ஒரு மொழியை, அந்த மொழியிலேயே உங்களுக்குச் சில மணி நேரம் கற்றுத்தருவார்கள். மாணவனாக உட்காரும்போது வரும் திணறலை நீங்களே அனுபவிக்க வேண்டும் என்பதற்காக.

ஆனால் எந்தப் படிப்பு என்று முடிவெடுக்கும் முன் எந்த நாட்டில் வேலை என்று முடிவெடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இணையத்தில் 120 மணி நேரப் படிப்பு தள்ளுபடியில் கிடைக்கிறது. செல்டாவும் 120 மணி நேரம்தானே? பிறகு ஏன் அவ்வளவு செலவு?

எண் ஒன்றுதான், சரக்கு வேறு. செல்டாவில் அந்த 120 மணி நேரமும் பயிற்றுநரோடு கழிவது. வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை அதற்கு மேல் தனி. தள்ளுபடிப் படிப்பில் 120 என்பது பெரும்பாலும் காணொளியும் சரியான விடையைத் தேர்ந்தெடு வகைக் கேள்விகளும்தான். வேகமாகப் படிப்பவர் ஒரு வார இறுதியில் முடித்துவிடுவார்.

அதற்காக அது வீண் என்று சொல்ல மாட்டேன். விசா அதிகாரி கேட்பது 120 மணி நேரம் என்று போட்ட ஒரு தாள் மட்டும்தான் என்றால் அந்தத் தாள் வேலையை முடித்துக்கொடுக்கும். இந்தத் தொழில் நமக்கு ஒத்துவருமா என்று பார்ப்பதற்கும் உதவும். வாங்குமுன் அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் கொடுத்த அமைப்பு எது என்று தேடிப் பாருங்கள். சில இடங்களில் படிப்பை விற்பவரும் அங்கீகாரம் வழங்குபவரும் ஒரே ஆள்!

2020க்குப் பிறகு செல்டாவையே முழுக்க இணையவழியில் படிக்க முடிகிறது. அதிலும் ஆறு மணி நேரக் கற்பித்தல் உண்டு, மாணவர்கள் திரையில் இருப்பார்கள். மையம் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நேரடி வகுப்பறையில் வேலை செய்யப் போகிறவர், முடிந்தால் நேரிலேயே படிப்பது நல்லது. கரும்பலகையையும் முப்பது நாற்காலிகளையும் திரையில் பழக முடியாது.

கணவரின் வேலைக்காக வெளிநாடு வந்திருக்கிறேன், சார்பு விசா. இங்கேயே படிக்கலாமா அக்கா?

பெரும்பாலும் படிக்கலாம். குறுகிய காலப் படிப்புக்குப் பல நாடுகள் தனி விசா கேட்பதில்லை. ஆனாலும் உங்கள் விசாவின் நிபந்தனைகளைக் குடிவரவுத் துறையின் தளத்திலேயே படித்துவிடுங்கள். பயிற்சி மையம் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், அவர்களுக்கு இருக்கையை நிரப்பும் அவசரம். படிப்பின்போது நீங்கள் நடத்தும் வகுப்புகளுக்குச் சம்பளம் கிடையாது என்பதால் அது வேலையாகக் கருதப்படுவது அரிது. படித்து முடித்த மறுநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காசு வாங்கிக்கொண்டு டியூஷன் எடுத்தால் அது வேலை. சில நாடுகளில் காசு வாங்காத தன்னார்வ வகுப்புகூட வேலைக் கணக்கில் வரும்.

நமக்கெல்லாம் ஆங்கிலம் தாய்மொழி இல்லையே, சேர்த்துக்கொள்வார்களா? உச்சரிப்பு?

படிப்பில் தாராளமாகச் சேர்ப்பார்கள். ஐரோப்பிய மொழி அளவுகோலில் சி2 (அதுதான் உச்ச நிலை), அல்லது நன்கு தேறிய சி1 (அதற்கு ஒரு படி கீழே) அளவுக்கு ஆங்கிலம் இருந்தால் போதும். உச்சரிப்பில் கேட்பவர்களுக்குத் தெளிவாகப் புரிகிறதா என்பது மட்டுமே கேள்வி. மூக்கால் பேச முயல வேண்டாம். இலக்கணத்தைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள், பிறந்ததிலிருந்து பேசியவர்களைவிட இந்தப் படிப்பில் நிம்மதியாக இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். "ஏன் இப்படிச் சொல்கிறோம்" என்று மாணவர் கேட்டால் அவர்கள் முழிக்க, நம்மவர்கள் பலகைக்குப் போய்விடுவார்கள்.

வேலைச் சந்தை வேறு கதை. அங்கே தடை பெரும்பாலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. தென்கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்குத் தரும் இ-2 விசா அடிப்படையில் ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்களுக்கு இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின் வழியாக ஒரு சிறு வாசல் உண்டு. ஜப்பானில் பள்ளிகளுக்கான இன்ஸ்ட்ரக்டர் விசாவில் ஆங்கிலம் கற்பிக்க, 12 ஆண்டுகளாவது ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும். ஆங்கில வழிப் பள்ளியில் படித்தவர்கள் இதைக் கவனிக்கவும். செல்டாவில் முதல் தர மதிப்பெண் வாங்கினாலும் இந்தச் சட்டங்கள் நகராது. அதனால்தான் நாட்டை முதலில் பார்க்கச் சொன்னேன்.

நான்கு வார முழுநேரப் படிப்பில் உண்மையில் என்னதான் நடக்கும்? வேலைக்குப் போய்க்கொண்டே செய்ய முடியுமா?

இரண்டாவதுக்கு முதலில் பதில்: முடியாது. பகுதிநேரப் படிப்பு சில மாதங்களுக்கு நீளும், அதில் சேருங்கள்.

முழுநேரத்தில் பாதி நாள் நீங்கள் பாடம் கேட்பீர்கள், மீதிப் பாதியில் உங்கள் குழுவில் இருப்பவர்கள் மாறி மாறிப் பாடம் நடத்துவீர்கள். ஒருமுறைக்கு 40 நிமிடமோ ஒரு மணி நேரமோ. முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அந்த வகுப்பை அலசுவார்கள். உங்கள் முறை வரும்போது வலிக்கும். இரண்டாம் வாரத்தில் பழகிவிடும். இரவில் மறுநாளுக்கான பாடத்திட்டம். செல்டா என்றால் நடுவே 750 முதல் 1000 சொற்களில் நான்கு கட்டுரைகள். ஒன்று தேறாவிட்டால் ஒருமுறை திருத்திக் கொடுக்கலாம்.

வருகிறவர்களிடம் நான் முதலில் பிடுங்க நினைப்பது "புரிந்ததா?" என்று கேட்கும் பழக்கத்தை. வகுப்பே தலையாட்டும், ஒருவருக்கும் புரிந்திருக்காது. "ஐ யூஸ்ட் டு ஸ்மோக்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை விளக்கிவிட்டு, "இவர் முன்பு புகைத்தாரா? ஒரே ஒரு தடவையா, வழக்கமாகவா? இப்போது புகைக்கிறாரா?" என்று கேட்க வேண்டும். ஆம், வழக்கமாக, இல்லை என்று பதில் வந்தால் புரிந்துவிட்டது. கேள்விகள் பாடத்தைவிட எளிய ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், கற்பிக்கும் சொற்றொடரையே கேள்விக்குள் பயன்படுத்தக் கூடாது. சுலபமாகத் தெரிகிறதா? நாளைக்கு "ஐ ஆம் யூஸ்ட் டு இட்" என்பதற்கு இப்படி மூன்று கேள்வி எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று, ஆசிரியர் வாயை மூடக் கற்றுக்கொள்வது. ஒரு மணி நேர வகுப்பில் ஆசிரியரே நாற்பது நிமிடம் பேசினால் மாணவர் எப்போது பேசுவார்? பேச்சுத் திறமை உள்ளவர்கள், மேடையில் கைதட்டு வாங்கியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுவார்கள்.

ஃபெயில் ஆக்கிவிடுவார்களா?

சேர்க்கையிலேயே நேர்காணல் வைத்து வடிகட்டுவதால் மிகச் சிலரே தேறாமல் போகிறார்கள். பாடத்தைத் தொடர்ந்து தவறவிடுவதும், சொன்ன திருத்தத்தை அடுத்த வகுப்பில் செய்யாமல் விடுவதும்தான் பெரும்பாலும் காரணம்.

ஆவணங்கள் எதையெல்லாம் தயார் செய்ய வேண்டும்? வெளிநாட்டில் இருப்பதால் அலைச்சல் ஆகுமா?

ஆகும். படிப்பைவிட இதில்தான் ஆட்கள் சோர்ந்துபோகிறார்கள். பட்டச் சான்றிதழுக்கு அபோஸ்டில் முத்திரை கேட்பார்கள், அதாவது ஆவணம் உண்மையானதுதான் என்று அரசு தரும் சான்று. 1961 ஹேக் உடன்படிக்கையின்படி, ஆவணத்தை வெளியிட்ட நாட்டில்தான் அந்த முத்திரையை வாங்க முடியும். நீங்கள் வசிக்கும் நாட்டில் கிடைக்காது. சீனா 2023 நவம்பரிலிருந்து இதை ஏற்கிறது. உடன்படிக்கையில் இல்லாத நாடென்றால் அதன் தூதரகச் சான்று வேண்டும், இன்னும் ஒரு படி கூடுதல். ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: செல்டாவை எங்கே படித்தாலும் சான்றிதழ் வெளியாவது பிரிட்டனிலிருந்து, ஆகவே அதற்கு முத்திரை வேண்டுமென்றால் அங்கேதான்.

காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழைக் கடைசியில் வாங்குங்கள். அது சில மாதங்களே செல்லுபடியாகும். சொந்த நாட்டில் மட்டுமல்லாமல் இடையில் நீண்ட காலம் வசித்த நாட்டிலிருந்தும் கேட்கக்கூடும். ஒரு நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகு அங்கிருந்து வாங்குவது பெரும்பாடு, கிளம்பும் முன்பே விசாரித்து வையுங்கள்.

பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரித்தும் பட்டத்தில் சுருக்கியும் இருந்தால் இரண்டு வேறு ஆட்கள் என்று கோப்பைத் திருப்பி அனுப்புவார்கள். சான்றிதழ் படிப்பில் சேரும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைக் கொடுங்கள்.

டிகிரி முடிக்கவில்லை அண்ணி. சான்றிதழ் மட்டும் வைத்து வேலை கிடைக்குமா?

செல்டாவில் சேர டிகிரி கட்டாயமில்லை, 18 வயதும் மேற்படிப்புக்குப் போகத் தேவையான பள்ளித் தகுதியும் போதும். ஆனால் ஆசியாவில் பல நாடுகளின் வேலை அனுமதிக்கு டிகிரி வேண்டும். உங்கள் நிலையில் இருந்தால் நான் முதலில் டிகிரியை முடிப்பேன்.

நான் ஏற்கெனவே பள்ளி ஆசிரியை, பத்து வருட அனுபவம். இதெல்லாம் எனக்கும் தேவையா?

உங்கள் ஆசிரியர் பட்டத்தைச் சர்வதேசப் பள்ளிகள் செல்டாவைவிட மேலாக மதிக்கும். மொழிப் பயிற்சி மையங்கள் அப்படி நினைப்பதில்லை, அவை செல்டாவைத்தான் தேடும். மேலும் செல்டா பெரியவர்களுக்குக் கற்பிப்பதை மனத்தில் வைத்து உருவானது. குழந்தைகள் வகுப்புதான் உங்கள் இலக்கு என்றால் அதற்கான தனிப் படிப்பைப் பாருங்கள். அதிகச் செலவு வேண்டாம் என்றால், கற்பித்தல் பற்றிய அறிவைச் சோதிக்கும் கேம்பிரிட்ஜின் டிகேடி தேர்வு இருக்கிறது: ஒரு பிரிவுக்கு 80 நிமிடம், 80 கேள்விகள், தேர்ச்சி தோல்வி இல்லாமல் நான்கு படிநிலைகள். கற்பித்தல் பயிற்சி அதில் இல்லை, உங்களுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு பள்ளி "டூரிஸ்ட் விசாவில் வந்து வேலையை ஆரம்பியுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்கிறது. போகலாமா?

போகாதீர்கள். பிடிபட்டால் நாடு கடத்தப்படுவது நீங்கள், பள்ளி அபராதம் கட்டிவிட்டு அடுத்த ஆளைத் தேடும்.

சேர்க்கை நேர்காணலுக்கு என்ன படித்துவிட்டுப் போக வேண்டும்?

முன்கூட்டியே ஒரு எழுத்துப் பயிற்சி அனுப்புவார்கள். பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களுக்குள்ள வேறுபாட்டைக் கேட்பார்கள்: "ஹி ஹாஸ் கான் டு லண்டன்", "ஹி ஹாஸ் பீன் டு லண்டன்". முதலாமவர் இன்னும் திரும்பவில்லை, இரண்டாமவர் போய்விட்டு வந்துவிட்டார். இதைச் சரியாகச் சொன்னால் பாதி மதிப்பெண்தான். "இதை ஒரு தொடக்கநிலை மாணவருக்கு எப்படிப் புரியவைப்பீர்கள்?" என்று அடுத்து கேட்பார்கள். அங்கே இலக்கணப் பெயர்களை அடுக்காமல் ஒரு சின்னப் படமோ காலக்கோடோ வரைந்து காட்டுங்கள். தாளும் பேனாவும் கையோடு கொண்டு போங்கள்.